நாலாம் நம்பர் மெஷின்

எங்கள் கடையில் விழுந்த கொலைகளுக்குக் கணக்கே இல்லை. உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்த ஒவ்வொருவனும் பக்கத்துக் கதிரையில் இருப்பவனைக் கொல்லத்தான் வந்தான். தலையில் சுட்டால் ஒரு கூச்சல், கத்தியால் குத்தினால் அதைவிடப் பெரிய கூச்சல். செத்தவன் மேசையில் குத்தித் தூஷணம் சொல்வான். கொன்றவன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து ஆடுவான். திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐஸ் கடைக்கும் வலைக் கடைக்கும் நடுவில் நான் நடத்திய கேம் கடை அது. போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. உண்மையான துப்பாக்கிச்சூடு நின்றுவிட்ட ஊரில் பொடியன்கள் காசு கொடுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தேன். முதல் நாள் முதல் கைக்குண்டு வெடித்ததும் வலைக் கடைக்காரர் தன் மேசைக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்துவிட்டார். அவரை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கோப்பையை வாங்கியவர் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றே ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு எல்லா மெஷினுக்கும் ஹெட்போன் போட்டேன். அதன் பிறகு வெடிச்சத்தம் விளையாடுகிறவன் காதோடு நின்றது. ஒழுங்கையில் போகிறவர்களுக்குக் கேட்டது வெறும் கத்தல் மட்டும். "பின்னாலை நிக்கிறான், வெட்டு! அவன்ரை தலையிலை அடி! இன்னும் சாகேல்லை, இன்னொண்டு போடு!" ஒருமுறை இதைக் கேட்டு இரண்டு பொலிஸ்காரர்கள் பொல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். விஷயம் விளங்கியதும் பொல்லைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொடியன்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். போகும்போது ஒருவர் தனக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்டார்.

நான் கொழும்பில் கணினி திருத்தும் வேலை படித்துவிட்டு வந்தவள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் பொடியன்களைக் கூட்டி வைத்துக் கடை நடத்துகிறாள் என்று ஊரில் கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். கையும் கூடத்தான். மேசையை உதைக்கிறவன் முதுகில் அறுந்த நெட்வேர்க் வயரால் ஒன்று போடுவேன். வாங்கியவன் முதுகைத் தடவிக்கொண்டே "அடுத்த ஆட்டம் எனக்கு, அக்கா" என்பான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் திறப்பதற்குள் கை வந்துவிடும். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். வீட்டுக்கு வந்தால் எங்களையும் மூட்டை போலத்தான் தூக்கிப் போட்டார். அவர் செத்த அன்று நான் அழவில்லை. தம்பிதான் விழுந்து விழுந்து அழுதான்.

தம்பிக்கு அப்போது இருபத்துநாலு வயது. பார்த்தால் நல்ல பிள்ளை. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்றே தெரியாது. அதற்கு முதல் வருடம் படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரோடு வாய்த்தர்க்கப்பட்டு, துடுப்பால் அடித்து அவருடைய தோள்பட்டை எலும்பை முறித்துவிட்டான். கையைக் காலைப் பிடித்து மத்தியஸ்த சபையில் அதை முடித்துவைத்தோம். பொலிஸ் நிலையத்தில் பொறுப்பாக இருந்தவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறைப்பாடு வந்தால் இவனுக்கு வெளிநாடு போகச் சுத்தமான ரிப்போர்ட் கிடைக்காது என்று சொன்னார். சில மாதம் கழித்துக் கட்டாரில் ஒரு துறைமுகத்தில் அவனுக்கு வேலை சரிவந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. பொலிஸ் ரிப்போர்ட் மட்டும்தான் வர வேண்டும். அந்த நாட்களில் நான் கும்பிட்டதெல்லாம் ஒன்றுக்காகத்தான்: விமானம் ஏறும்வரை இவன் யார் மேலும் கை வைத்துவிடக் கூடாது.

அதற்காகவே அவனைக் கடையில் பிடித்து வைத்திருந்தேன். வெளியே விட்டால் யாரையாவது அடிப்பான். இங்கே இருந்து திரையில் எவனை வேண்டுமானாலும் சுடட்டும் என்று நினைத்தேன். ஜன்னலோரம் இருந்த நாலாம் நம்பர் மெஷினை அவனுக்கென்றே ஒதுக்கினேன். நன்றாகத்தான் சுட்டான், ஆனால் சுடச் சுட அவன் கோபம் கூடிக்கொண்டே போனது. தோற்ற நாளில் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைச் சுவரில் அடிப்பான். அம்மா சோற்றைக் கூட்டி அள்ளுவார்.

கடையில் பொடியன்களே உண்டாக்கிய வழக்கம் ஒன்று இருந்தது. தோற்ற அணியின் தலைவன் தன் கதிரையை விட்டு எழும்ப வேண்டும். வென்றவனுக்குப் பின்னால் போய் அவனுடைய கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் அடுத்த ஆட்டத்தை முடிக்கும்வரை நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. எனக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். அது இல்லாவிட்டால் வென்றதில் என்ன ருசி என்று கேட்டார்கள்.

குடாக் கடலுக்கு அக்கரையில், முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள். அவர்களுடைய தலைவன் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன். மெலிந்த ஆள், எந்த நேரமும் பல் தெரியும். கொன்றாலும் சிரிப்பான், செத்தாலும் சிரிப்பான். தம்பிக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் ஆகாது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்பான். அவனுக்கு முகமே அப்படித்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் ஏற்கவில்லை.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்தது. அது ரேம். மெஷின் கொஞ்சம் தயங்கினால் போதும், ரேமைக் கூட்டச் சொல்லிக் கத்துவார்கள். கடலோடு பிழைக்கிறவர்களின் பிள்ளைகள். எஞ்சின் கூடினால் படகின் ஓட்டம் கூடும் என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். தம்பியும் அதைத்தான் சொன்னான்.

"போட்டுக்கு ரெண்டு எஞ்சின் பூட்டினா கூட ஓடும்தானே? ரேமும் அப்பிடித்தான்."

"ரேம் எஞ்சின் இல்லையடா. சாமான் வைச்சிருக்கிற இடம்."

அன்று மழை. மின்சாரம் போய் எல்லோரும் சும்மா இருந்தார்கள். ஒரு சோக்குத்துண்டை எடுத்து மேசையில் கீறி விளங்கப்படுத்தினேன். புரொசெசர் கணக்குப் போடுகிற ஆள். அவருக்கு வேண்டிய சாமானெல்லாம் ரேமில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சாமானைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வழிக்குப் பஸ் என்று பெயர். அந்த வழிக்கு ஒரு வேகம் உண்டு; அதற்கு மேல் அது ஓடாது. எங்கள் மெஷின்கள் கொழும்பில் ஒரு கம்பனிக் கந்தோர் கழித்துவிட்டவை. அவற்றின் பஸ் எண்ணூறு. ரேமும் எண்ணூறு, ஒரே அளவில் இரண்டு கார்ட் சோடியாகப் போட்டிருந்தேன்.

கிண்ணியாக்காரன் கேட்டான். "அப்ப டோஹாவிலயிருந்து மச்சான் இன்னும் வேகமான ரேம் வாங்கி அனுப்பினா?"

"போட்டாலும் எண்ணூறிலைதான் ஓடும். பாலம் கட்ட முதல் நீ எப்பிடி இஞ்சாலை வந்தனீ?"

"பாதையிலதான் அக்கா." வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம்.

"அந்தக் கரையிலை எவ்வளவு வேகமா மோட்டார்சைக்கிள் ஓடி வந்தாலும்?"

"பாதை வந்தாத்தான் ஏறலாம்!" தன் தலையிலேயே அடித்துக்கொண்டு சிரித்தான். "விளங்கிட்டு. பாதைதான் பஸ்."

"அதோடை இன்னொண்டு. வேகம் குறைஞ்ச ரேம் ஒண்டை இதுக்குள்ளை செருகினா எல்லா ரேமும் அதின்ரை வேகத்துக்கு இறங்கிவிடும். பாதை வந்து காத்து நிக்கும், சாமானை ஏத்திறவன் மெதுவா வருவான். எங்கடை மெஷினிலை படத்துக்குத் தனிக் கார்ட் இல்லை, திரையிலை தெரியிற படமும் அந்த ரேமிலை இருந்துதான் வரவேணும். அப்ப புகை, வெடி எண்டு கன விஷயம் ஒரேயடியா வாற இடத்திலை படம் நிண்டு நிண்டு ஓடும்."

தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவன் கிண்ணியாக்காரனின் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "இப்ப பாலம் போட்டாச்சு, உந்தப் பாதைக் கதையை விடுங்கோ" என்றுவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

பொலிஸ் ரிப்போர்ட்டை எதிர்பார்த்திருந்த அதே வாரம், நகரத்துப் பொடியன்களும் கிண்ணியாப் பொடியன்களும் ஒரு பெரிய ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். போவதற்கு முன் கடைசி ஆட்டம் என்று தம்பி கெஞ்சினான். அம்மாவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். ஞாயிறு காலையிலேயே கிண்ணியாக்காரர்கள் வந்து கை பழகினார்கள். அவர்களுடைய தலைவன் நாலாம் நம்பரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழும்பினான். அதைக் கடையில் இருந்த எல்லோரும் கண்டார்கள். பின்னேரம் உள்ளே நிற்க இடமில்லை. வெளியே ஒழுங்கையில், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்கள் வாழைப்பழத் தோலுக்கு அலைந்தன. உள்ளே இருந்து முதல் கத்தல் கேட்டதும் அவை கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டன.

எடுத்த எடுப்பில் தம்பி மூன்று பேரை வரிசையாகக் கொன்றான். ஒருவனைச் சுவரோடு சாய்த்து முகத்தில் சுட்டான். செத்துக் கிடந்தவனை மறுபடியும் சுட்டான். நகரத்துப் பொடியன்கள் மேசையில் அடித்த அடியில் என்னுடைய தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. பிறகு கிண்ணியாக்காரன் ஒரு புகைக்குண்டை எறிந்தான். புகை எழுந்ததும் தம்பியின் படம் அப்படியே நின்றது. கண் இமைக்கிற நேரம்தான். படம் மறுபடி அசைந்தபோது அவன் தரையில் கிடந்தான், கழுத்தில் கத்தி. "என்னடா இது!" என்று மவுஸைத் தூக்கி மேசையில் குத்தினான்.

அடுத்த சுற்றிலும் அதே புகை, அதே நிற்றல், அதே சாவு. புகை போட்டால் இவன் மரம்போல நிற்கிறான் என்பதைக் கிண்ணியாக்காரன் கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு புகைக்கு மேல் புகையாகப் போட்டு, ஒவ்வொரு தரமும் பின்னால் வந்து வெட்டினான். சிரித்துக்கொண்டே வெட்டினான். தம்பியின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது எனக்குத் தெரிந்தது. மெயின் சுவிச்சை இறக்கலாமா என்று யோசித்தேன். இறக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்து என்னைத் தின்னும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது.

"கதிரையை விடு! கதிரையை விடு!" என்று கிண்ணியாப் பக்கம் கை தட்டியது. தம்பி எழுந்தான். மெல்ல நடந்து கிண்ணியாக்காரனுக்குப் பின்னால் போனான். வழக்கப்படி கதிரையின் முதுகைப் பிடிக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் பிடித்தது கழுத்தை. கதிரையோடு சேர்த்து அவனைப் பின்னால் இழுத்து நிலத்தில் அடித்தான். தலை சீமெந்தில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

"மெஷினுக்கு என்னடா செய்தனீ? காலமை நீதானே அதிலை இருந்தனீ!"

"நான் ஒண்டும் செய்யல்ல, வல்லாஹி! விடு மச்சான், மூச்சு முட்டுது!" அவன் முகத்தில் பல் தெரியாததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கிண்ணியாப் பொடியன் ஒருவன் கதிரையைத் தூக்கினான். நகரத்துப் பொடியன் ஒருவன் ஓடிப்போய்க் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். ஒருவரையும் வெளியே விடாமல் அடிக்கத்தான் அதை இறக்குகிறான் என்று விளங்கியது. ஒருவனுக்கு மண்டை உடைந்தால் போதும், இருட்டுவதற்குள் இது இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடும். பொலிஸ் வரும். ரிப்போர்ட் வராது. நான் மேசையில் ஏறி நின்று கத்தினேன்.

"விடடா அவனை! மெஷினுக்கு என்ன எண்டு நான் பாத்துச் சொல்லுறன். அவன் ஏதும் செய்திருந்தா நானே அவனை அடிக்கிறன். செய்யேல்லை எண்டா நீ கையை எடு!"

கடையில் என் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. தூக்கிய கதிரை கீழே இறங்கியது. தம்பியின் கை மட்டும் கிண்ணியாக்காரனின் சேர்ட் கொலரை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நாலாம் நம்பரை நிறுத்தி மறுபடி போட்டேன். தொடங்கும்போது கறுப்புத் திரையில் ரேமின் வேகம் ஓடும். எண்ணூறு என்று வர வேண்டிய இடத்தில் ஐந்நூற்று முப்பத்து மூன்று என்று வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வயரைப் பிடுங்கி, திருகாணியைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டை இழுத்து எடுத்து மேசையில் வைத்தேன். உள்ளே என்னுடைய இரண்டு கார்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. தூசு பிடித்தது, எங்கோ கழித்த மெஷினிலிருந்து பிடுங்கியது.

"இதை ஆர் செருகினது?"

தம்பியின் கூட்டாளி ஒருவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நேற்று நீங்கள் சந்தைக்குப் போன நேரம் அண்ணைதான் அக்கா. ரேம் கூடினா நல்லம் எண்டு."

தம்பியின் கை கொலரிலிருந்து இறங்கியது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம் என்று பிறகு பல பேர் சொன்னார்கள். ஏன் மூட வேண்டும்? ஒன்றும் செய்யாதவனின் கழுத்தை நெரித்திருக்கிறான். அவன் செய்த முட்டாள்வேலையை அவன் முகத்துக்கு நேரே சொல்லாமல் சுவரிடமா சொல்வது? இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"பாத்தியே? அவன் ஒண்டும் செய்யேல்லை. நீ உன்ரை கையாலை செருகின ரேம்தான் மற்ற ரெண்டையும் இழுத்து விழுத்தினது. படிச்சுப் படிச்சுச் சொன்னனான், கேட்டியா? அவனைத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேள்."

பின்னால் நின்ற நகரத்துப் பொடியன் ஒருவன், "ரெண்டு எஞ்சின் பூட்டினவர்!" என்றான். கடை முழுவதும் வெடித்துச் சிரித்தது. கிண்ணியாக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு நிலத்தில் இருந்தான்.

தம்பி மேசையிலிருந்த தகட்டை எடுத்ததைக் கண்டேன். பெட்டியை மூடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்து என் முகத்தில் வீசி அடித்தான். தகட்டின் விளிம்பு புருவத்துக்கு மேலே இறங்கியது. கண்ணுக்குள் சூடாக ஏதோ ஓடியது. அது என் இரத்தம் என்று தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையை உயர்த்தினேன், அடுத்த அடி கையில் விழுந்தது. மேசையோடு சாய்ந்து விழுந்தபோது வயிற்றில் உதைத்தான். மற்றக் கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பா அடிக்கும்போது அவர் முகத்தில் கோபம்கூட இருக்காது, வேலை செய்கிறவரின் முகம்தான் இருக்கும். தம்பியின் முகமும் அப்படித்தான் இருந்தது. அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அவன் மறுபடி தகட்டை ஓங்கியபோது கிண்ணியாக்காரன் பின்னால் வந்து அவன் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டு ஐந்தாம் நம்பர் மொனிற்றரையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்கள். கிண்ணியாப் பொடியன்கள் பாய்ந்து தம்பியை மிதிக்கத் தொடங்கினார்கள். நகரத்துப் பொடியன்களிலும் சிலர் சேர்ந்து மிதித்தார்கள். எந்தப் பக்கம் யாருக்கு என்பதே மறந்துபோனது. "அவன விடுங்கடா! அக்காவப் பாருங்கடா!" என்று கிண்ணியாக்காரன் அலறினான். தன் சேர்ட்டைக் கழற்றி என் நெற்றியில் அழுத்திப் பிடித்தான். ஷட்டருக்குக் கீழால் என்னைக் குனியவைத்து வெளியே கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றினான். வழி முழுவதும் "கண்ணத் தொறங்க அக்கா, கதைங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிவதற்குள் அம்மா வந்துவிட்டார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். என் காயத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசலை ஒருமுறை பார்த்தார். அடிபட்டு வருகிறவர்களை ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்து விசாரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

"தகடு தவறி விழுந்தது எண்டு சொல்லு, பிள்ளை. ரிப்போர்ட் வாற நேரம். அவன் போயிடட்டும்."

அம்மாவும் அப்படித்தான் விழுந்தவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர், அலுமாரிக் கதவில் இடித்துக்கொண்டவர், குசினிப் படியில் தடக்கியவர். கைமுறிவோடு இதே கட்டிலில் படுத்திருந்து, இதே பொலிஸிடம் விழுந்துவிட்டேன் என்று சொன்னவர். அப்பாவைக் காப்பாற்றினார் என்று சின்ன வயதில் எனக்கு அவர் மேல் பெருமைகூட இருந்தது. அன்று அந்தக் கட்டிலில் இருந்து கேட்டபோது பற்றி எரிந்தது.

பொலிஸ்காரர் வந்தார். நடுவயது, தமிழ் கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசினார். என்னைக் கேட்பதற்கு முன்பே அவர் கண் வாசலுக்குப் போனது. அங்கே கிண்ணியாக்காரன் சேர்ட் இல்லாமல், நெஞ்செல்லாம் என் இரத்தத்தோடு, கழுத்தில் விரல் பதிந்த தடத்தோடு நின்றான்.

"இவனா அடித்தது?" என்று கேட்டார்.

அவன் தலையைத் திருப்பினான். என்னைப் பார்த்தான். கண் எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அடித்தது தம்பி என்பதை அக்காதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. அந்த இடைவெளியில் அம்மா முந்திக்கொண்டார்.

"கிண்ணியாப் பெடியள் கடைக்கு வந்து சண்டை பிடிச்சவங்கள், ஐயா."

என் அம்மாதான் அதைச் சொன்னார். கோயிலுக்குப் போகாமல் வாயில் தண்ணீர் வைக்காத என் அம்மா. பொலிஸ்காரர் கை அவனுடைய தோளில் விழுந்தது. கொஞ்சம் தாமதித்தால் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்; பாலத்துக்கு அந்தப் பக்கம் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? நான் எழும்பி உட்கார்ந்தேன். தலை சுற்றியது. தம்பியைச் சின்னதில் இடுப்பில் வைத்துக் காவியவள் நான். அப்பா பொல்லை எடுத்தால் அவனைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அவன் அடியையும் சேர்த்து வாங்கியவள் நான். அவனை விட எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

"அவனை விடுங்கோ. அவன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன்" என்றேன். "அடிச்சது என்ரை தம்பி."

"சொந்தத் தம்பியா?"

"ஓம். கூடப் பிறந்தவன். பேர், விலாசம் எல்லாம் தாறன், எழுதுங்கோ."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நீ ஒரு பெண்ணா என்று கேட்டார். அவன் வாழ்க்கையைக் கொன்றுவிட்டாய் என்றார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டு வெளியே போய்விட்டார். கிண்ணியாக்காரன் சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

தம்பியை அன்று இரவே பிடித்தார்கள். நீதிமன்றத்தில் அவன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. கட்டார் வேலை வேறு யாருக்கோ போனது. கேம் கடையை மூடிவிட்டேன். அதே இடத்தில் இப்போது கணினி திருத்துகிறேன். அம்மா சாகும்வரை என் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. கிண்ணியாக்காரன் இப்போது தன் கடைக் கணினி பழுதானால் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

தம்பி தம்பலகாமத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். எனக்குச் சொல்லவில்லை. இன்றுவரை என்னோடு கதைக்கவும் இல்லை. ஆனால் அவன் மனைவி டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் என் கடைக்கு வந்து போவாள். கத்தரிக்காயோ தயிரோ கொண்டுவருவாள். வாசலில் அவளைக் கண்டதும் நான் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பிறகு கை, பிறகு கழுத்து. பிறகு கதிரையில் அவள் எப்படி உட்காருகிறாள் என்று. அதன் பிறகுதான் வா என்று சொல்வேன்.

போன மாதம் வந்தபோது அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, தானாகவே சட்டைக் கையை முழங்கைவரை இழுத்துவிட்டு இரண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒண்டும் இல்லை, மச்சாள். நல்லாப் பாருங்கோ. கோவம் வந்தா அவர் எழும்பி வெளியிலை போயிடுவார். வயலுக்குள்ளை நிண்டு கத்துவார், கேக்கிற ஆக்கள் சிரிப்பினம். பிறகு வந்து சாப்பிடுவார்."

அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, திருப்பி, மறுபக்கத்தையும் பார்த்தேன்.